மருத்துவமனையும் கம்ப்யூட்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனைகளில் மென்பொருள் நிறுவுவதும், அங்கே வேலை செய்பவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுப்பதும் என் தொழில். கழுத்தில் அடையாள அட்டையோடு வார்டில் நின்றால் போதும், நோயாளியின் உறவினர், நர்ஸ், டாக்டர் என்று யாராவது ஒருவர் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மருத்துவத்தில் ஐ.டி. என்றால் பில் போடும் கம்ப்யூட்டர்தானே?

ஒரு காலத்தில் பெரும்பாலும் அவ்வளவுதான். அதன் சுவடு இன்னும் போகவில்லை. சில மென்பொருள்களில் பில் காசு பிசகாமல் வரும், ஆனால் நோயாளிக்கு எந்த மருந்து ஒவ்வாது என்று பார்க்க நான்கு திரைகளைத் தாண்ட வேண்டும். இன்றைக்கு மின்னணு மருத்துவப் பதிவு, லேப் முடிவுகள், ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டு, வீடியோ வழி ஆலோசனை, உடம்பில் மாட்டிக்கொள்ளும் கருவிகள், ஏ.ஐ. என்று எல்லாமே இந்தத் தலைப்புக்குள் வந்துவிட்டன.

காகித ஃபைலே நன்றாகத்தானே இருந்தது?

ஒரே டாக்டர், ஒரே நோயாளி என்றால் நன்றாகத்தான் இருந்தது. நீண்டகால நோயுள்ள ஒருவரை இன்று ஐந்தாறு பேர் பார்க்கிறார்கள். காகித ஃபைல் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் நமக்குத் தேவையில்லாத இடத்தில். கம்ப்யூட்டரில் இருந்தால் லேப் முடிவை அவசரப் பிரிவும் அறுவைச் சிகிச்சைப் பிரிவும் ஒரே நொடியில் பார்க்கலாம். ஐந்து ஆண்டுகளாகக் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) எப்படி ஏறி வந்திருக்கிறது என்பதைக் கோடாக வரைந்தும் காட்டும்.

ஆனால் காகிதத்தில் ஒரு வசதி உண்டு, அதை நாங்கள் யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. எழுதுவது வேகம். கம்ப்யூட்டரில் படிப்பது எளிது, உள்ளிடுவதுதான் பாடு. பாடுபடுபவர் ஒருவர், பலன் பெறுபவர் இன்னொருவர். இந்தப் பக்கத்தில் பல பதில்கள் கடைசியில் இங்கேயேதான் வந்து நிற்கும்.

ஒரு மருத்துவமனையில் எடுத்த ரிப்போர்ட் இன்னொரு மருத்துவமனையில் ஏன் திறப்பதில்லை? பணம் அனுப்பினால் நொடியில் போகிறதே?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். கோபத்தோடு வரும், கோபம் நியாயமானதும்கூட.

படங்களைப் பொறுத்தவரை பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் ஒவ்வொரு கம்பெனியின் ஸ்கேன் மெஷினும் படத்தைத் தன் சொந்த வடிவத்தில்தான் சேமித்தது. அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களின் அமைப்பும் மின்கருவி உற்பத்தியாளர்களின் சங்கமும் சேர்ந்து 1985-ல் ஒரு பொது வடிவத்தை வெளியிட்டன. 1993-ல் அது டைகாம் என்ற பெயருக்கு மாறியது. இன்று எந்த நாட்டில் எடுத்த சி.டி. ஸ்கேனும் வேறெந்த நாட்டிலும் திறக்கும்.

எழுத்தும் எண்ணுமாக இருக்கும் தகவல் அப்படியில்லை. ரத்தச் சர்க்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லேப் 100 என்று தருகிறது, இன்னொரு லேப் 5.6 என்று தருகிறது. முதலாவது டெசிலிட்டருக்கு மில்லிகிராம், இரண்டாவது லிட்டருக்கு மில்லிமோல். இரண்டும் ஒரே சர்க்கரைதான். டாக்டர் பார்த்தவுடன் புரிந்துகொள்வார். கம்ப்யூட்டருக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். பெயர்களும் இதே கதைதான்: 'ஃபாஸ்டிங் குளுக்கோஸ்', 'எஃப்.பி.எஸ்.', 'வெறும் வயிற்றுச் சர்க்கரை' என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பார்கள். இந்தக் குழப்பத்துக்காகவே பொதுக் குறியீடுகள் உண்டு. லேப் பரிசோதனைகளுக்கு லோயிங்க், மருத்துவச் சொற்களுக்கு ஸ்னோமெட், நோய்களின் வகைப்பாட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. இதன் 11-வது பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அனுப்பும் முறைக்கும் தரம் உண்டு. எச்.எல்.7 என்ற அமைப்பு 1987-ல் தொடங்கியது. அதன் பழைய செய்தி வடிவத்தில்தான் இன்றும் எத்தனையோ மருத்துவமனைகளில் லேபும் வார்டும் பேசிக்கொள்கின்றன. இணையத்துக்கு ஏற்ற புதிய தரத்தை ஆஸ்திரேலியரான கிரஹாம் கிரீவ் முன்மொழிந்தார். அதன் ஆங்கிலச் சுருக்கத்தை 'ஃபயர்' என்று உச்சரிப்பார்கள். இன்று புதிதாக எழுதப்படும் மருத்துவச் செயலிகள் பல அதைத்தான் நம்பியிருக்கின்றன.

அப்படியானால் ஏன் இன்னும் திறக்கவில்லை? பாதிக் காரணம் தொழில்நுட்பம், மீதிக் காரணம் வியாபாரம். ரிப்போர்ட் எளிதாக வெளியே போனால் நோயாளியும் எளிதாக வெளியே போய்விடுவார் என்று நினைக்கும் நிர்வாகிகளோடு நான் தேநீர் குடித்திருக்கிறேன். இப்படித் தகவலை முடக்கி வைப்பதற்கு எதிராகவே அமெரிக்காவில் 2016-ல் சட்டம் வந்தது. எஸ்டோனியாவில் 2008 முதல் நாடு முழுமைக்கும் ஒரே மின்னணு மருத்துவப் பதிவு முறை. தன் பதிவை யார் எப்போது திறந்து பார்த்தார்கள் என்பதைக்கூட நோயாளியே பார்க்க முடியும். சிறிய நாடு என்பதும் அவர்களுக்குக் கைகொடுத்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

பெரிய நாடுகள் முயலவில்லையா?

முயன்றன. இங்கிலாந்து 2002-ல் எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் மையமாக ஒரு மாபெரும் திட்டத்தைத் தொடங்கியது. 2011-ல் அதைக் கலைக்கப் போவதாக அரசு அறிவித்தது. அதன் மொத்தச் செலவு சுமார் 1,000 கோடி பவுண்டு என்று பிறகு கணக்கிட்டார்கள். படங்களைச் சேமிக்கும் வசதி போன்ற சில பகுதிகள் நன்றாகவே ஓடின. நோயாளிப் பதிவுதான் முட்டிக்கொண்டது. மேலிருந்து ஒரே மென்பொருளை இறக்கினார்கள், கீழே அதைத் தட்டச்சு செய்ய வேண்டியவர்களிடம் போதிய அளவு கேட்கவில்லை.

டாக்டர் என் முகத்தையே பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே?

அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் 57 டாக்டர்களின் வேலை நேரத்தைப் பக்கத்தில் இருந்து குறித்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. நோயாளியோடு நேருக்கு நேர் செலவிட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டரிலும் மேசை வேலையிலும் போயிருந்தது. வீட்டுக்குப் போன பிறகு செய்த வேலை தனி.

இன்ஷூரன்ஸ் கேட்கும் கட்டம், தரக்கட்டுப்பாட்டுக் குழு கேட்கும் கட்டம், சட்டப் பிரிவு கேட்கும் கட்டம் என்று ஒவ்வொருவரும் ஆளுக்கொரு கட்டம் சேர்த்தார்கள். எல்லாக் கட்டத்தையும் நிரப்புவது ஒரே ஆள். இதற்கு மருந்தாக இப்போது வேகமாகப் பரவுவது, டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுத் தானே குறிப்பு எழுதும் ஏ.ஐ. மென்பொருள். ஏ.ஐ. வகைகளில் எனக்கு ஓரளவு நம்பிக்கை தருவது இதுதான், ஏனென்றால் இது உள்ளிடும் பாரத்தை நேரடியாகக் குறைக்கிறது. ஆனால் நோயாளி சொல்லாததையும் சில நேரம் சொன்னதாக எழுதிவிடும். டாக்டர் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அவசரத்தில் படிக்காமல் போட்டுவிடுவார்களோ என்ற பயம் எனக்கு இருக்கிறது.

கம்ப்யூட்டர் வந்தால் மருந்து மாறிப்போகும் பிழைகள் நின்றுவிடுமா?

குறையும். நிற்காது. சில நேரம் புதிய வகைப் பிழையும் பிறக்கும்.

முதலில் நல்ல பக்கம். 1990-களில் அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஒரு மருத்துவமனையில் சூ கின்னிக் என்ற நர்ஸ் இருந்தார். வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது ஊழியர் ஒரு கருவியால் காரின் பார்கோடை ஸ்கேன் செய்வதைப் பார்த்தார். காருக்கு முடியும் என்றால் மருந்துக்கு ஏன் முடியாது என்று கேட்டார். அப்படித் தொடங்கியதுதான் நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தின் உறையையும் ஸ்கேன் செய்து, இரண்டும் பொருந்தினால் மட்டும் மருந்து கொடுக்கும் முறை. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், மருந்து கொடுக்கும்போது நேரும் பிழைகள் (நேரம் தவறியவை நீங்கலாக) இந்த முறையால் 41% குறைந்திருந்தன. நான் நிறுவியவற்றிலேயே மனநிறைவு தந்தது எது என்று கேட்டால் பார்கோடைத்தான் சொல்வேன்.

இப்போது மறுபக்கம். 2013-ல் அமெரிக்காவின் பெயர்பெற்ற ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் 16 வயதுப் பையன் ஒருவனுக்கு, அவன் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் ஆன்டிபயாடிக் மாத்திரை ஒன்றுக்குப் பதிலாக 38½ மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. டாக்டர் 160 என்று தட்டச்சு செய்தார், 160 மில்லிகிராம் என்று நினைத்து. திரையோ அந்த நேரத்தில் 'ஒரு கிலோ உடல் எடைக்கு இத்தனை மில்லிகிராம்' என்ற அலகில் இருந்தது. மென்பொருள் பையனின் எடையால் பெருக்கிவிட்டது. அளவு மீறுகிறது என்று எச்சரிக்கையும் வந்தது. நாள் முழுக்க வரும் எத்தனையோ எச்சரிக்கைகளில் ஒன்றாக அதையும் தள்ளிவிட்டார்கள். ரோபோ சளைக்காமல் 38½ மாத்திரைகளை எண்ணிப் பொட்டலம் கட்டியது. நர்ஸுக்குச் சந்தேகம் வந்தது. பார்கோடை ஸ்கேன் செய்தார். 'சரி' என்று பதில் வந்தது.

தப்பான உத்தரவைப் பார்கோடு சரியாக உறுதிப்படுத்தியது. அதைத்தானே அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்! பையன் வலிப்பு வந்து, பிழைத்துக்கொண்டான். காகிதக் காலமாக இருந்தால் நர்ஸ் மருந்தகத்துக்குப் போன் போட்டு 'இது என்ன கூத்து?' என்று கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். திரையில் 'சரி' என்று வந்தபின் அந்தப் போன் போவதில்லை.

இதில் எங்கள் தொழில்காரர்களுக்கு இருக்கும் பாடம், எச்சரிக்கையைக் குறைப்பது. முழங்கைக் களிம்புக்கும் எச்சரிக்கை, உயிருக்கு ஆபத்தான அளவுக்கும் அதே நிறத்தில் எச்சரிக்கை என்றால் கை தானாக 'தவிர்' பொத்தானுக்குப் போகும். பல ஆய்வுகளில் டாக்டர்கள் மருந்து எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல் தள்ளிவிடுகிறார்கள். ஒரு மருத்துவமனையில் எச்சரிக்கைப் பட்டியலை மூன்றில் ஒரு பங்காக வெட்டியதற்கு எங்களுக்கு முதலில் திட்டுதான் கிடைத்தது.

ஏ.ஐ. வந்தால் டாக்டர் தேவைப்பட மாட்டாரா?

இந்தக் கேள்விக்கு வயது ஐம்பது. 1970-களில் ஸ்டான்ஃபோர்டில் மைசின் என்ற நிரல் உருவானது. சுமார் 600 விதிகளை வைத்துக்கொண்டு, தொற்றுக்கு எந்த ஆன்டிபயாடிக் என்று பரிந்துரைக்கும். நிபுணர்கள் மதிப்பிட்டபோது அதன் மதிப்பெண் அங்கிருந்த பேராசிரியர்களின் மதிப்பெண்ணைவிடக் குறையவில்லை. இருந்தும் எந்த வார்டிலும் அது அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவில்லை. ஒரு நோயாளியின் விவரங்களைத் தட்டச்சு செய்து முடிக்கவே அரை மணி நேரம் ஆகும். அறிவு இருந்தது, அதற்கு ஊட்ட ஆள் இல்லை.

இப்போதைய ஏ.ஐ. படம் பார்க்கும் வேலையில் உண்மையாகவே கெட்டி. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதை டாக்டர் இல்லாமலேயே கண்டுபிடிக்கும் மென்பொருளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் அனுமதி கொடுத்தது. சுவீடனில் 80,000 பெண்களை வைத்து நடந்த மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையின் முதற்கட்ட முடிவு 2023-ல் வந்தது. ஏ.ஐ. துணையோடு படித்தபோது படம் வாசிக்கும் வேலை 44% குறைந்தது. புற்றுநோயைக் கண்டுபிடிப்பதும் குறையவில்லை.

ஆனால் ஆய்வகத்தில் ஜெயித்தது கிளினிக்கில் தடுமாறும். தாய்லாந்தின் 11 கிளினிக்குகளில் விழித்திரை ஏ.ஐ.யைப் பயன்படுத்திப் பார்த்தபோது, ஐந்தில் ஒரு படத்துக்கு மேல் தரம் போதாது என்று மென்பொருள் மறுத்தது. அறையை இருட்டாக்க வழியில்லாத இடங்கள் அவற்றில் இருந்தன. மென்பொருளை எழுதியவர்கள் அறை விளக்கை நினைத்துப் பார்க்கவில்லை. இன்னொன்று: ரத்தத்தில் தொற்று பரவுவதை முன்கூட்டிச் சொல்வதாக அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடிய ஒரு கருவியை, மிச்சிகன் ஆய்வாளர்கள் 2021-ல் தாங்களே சோதித்தார்கள். அப்படித் தொற்று பரவிய மூன்று நோயாளிகளில் இருவரை அது தவறவிட்டிருந்தது. அதே சமயம் எல்லா உள்நோயாளிகளிலும் 18% பேருக்கு மணி அடித்திருந்தது.

ஆகவே யாராவது ஏ.ஐ. விற்க வந்தால் நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: இதை வேறு யாராவது, உங்கள் சம்பளம் வாங்காதவர்கள், தங்கள் நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்களா?

கம்ப்யூட்டருக்கு ஜாதி, நிறம் தெரியுமா? பாரபட்சம் காட்டும் என்கிறார்களே?

நிறம் என்ற கட்டமே இல்லாமலும் காட்டும். கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று தீர்மானிக்க அமெரிக்காவில் ஒரு நிரல் பயன்பட்டது. 2019-ல் அதை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: நோயின் கடுமைக்கு அளவுகோலாக அந்த நிரல் மருத்துவச் செலவை எடுத்துக்கொண்டிருந்தது. கறுப்பின மக்களுக்கு அதே நோய்க்குக் குறைவாகவே செலவழிக்கப்பட்டு வந்ததால், அவர்கள் நிரலின் கண்ணுக்கு ஆரோக்கியமாகத் தெரிந்தார்கள். அளவுகோலைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று கணக்கிட்டார்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரிலும் இது உண்டு. ஒளியைத் தோல் வழியாகச் செலுத்தி அளக்கும் கருவி அது. கருமையான தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 2020-ல் வெளியான ஆய்வில், மீட்டர் தவறவிட்ட ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. மாநிறமும் கறுப்புமாக இருக்கும் நாமும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்மார்ட் வாட்ச் சொல்வதை நம்பலாமா?

ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாம். ஆப்பிள் வாட்ச் அணிந்த 4,19,297 பேரை வைத்து நடந்த ஆய்வில், இதயத் துடிப்பு சீராக இல்லை என்ற அறிவிப்பு வந்தவர்கள் 0.52% மட்டுமே. அவர்களில் பிறகு ஈ.சி.ஜி. பட்டையை ஒட்டிக்கொண்டு திருப்பி அனுப்பியவர்களில் 34% பேரிடம் அந்தக் கோளாறு பதிவானது. விட்டு விட்டு வரும் கோளாறு என்பதால் மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அறிவிப்பு வந்தால் டாக்டரைப் பாருங்கள். வரவில்லை என்பதற்காக நெஞ்சு வலியை அலட்சியம் செய்யாதீர்கள்.

வீடியோவில் டாக்டரைப் பார்ப்பது போதுமா?

மருந்தைத் தொடர்வது, ரிப்போர்ட் விளக்கம், மனநல ஆலோசனை, தோல் பிரச்சினைகளில் பல: போதும். வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டியதற்கு, மூச்சுத் திணறலுக்கு, புதிதாக வந்த கடும் வலிக்கு: போதாது. தொலைவு ஒரு தடை இல்லை என்பது 2001-லேயே நிரூபணமாகிவிட்டது. நியூயார்க்கில் உட்கார்ந்து ஜாக் மாரெஸ்கோ குழுவினர், பிரான்சின் ஸ்டிராஸ்பர்க்கில் இருந்த பெண்ணின் பித்தப்பையை ரோபோ வழியாக அகற்றினார்கள். அதற்கென்றே தனி இழைக்கம்பி இணைப்பு, இரு முனையிலும் பெரும் குழு. அது அன்றாட வழக்கமாகவில்லை. சாதாரண வீடியோ கால்தான் உலகத்தை மாற்றியது, அதற்கும் கொரோனா வர வேண்டியிருந்தது.

என் தகவல் பாதுகாப்பாக இருக்குமா?

முழுப் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வங்கி அட்டை திருடுபோனால் புதிய எண் வாங்கலாம். நோய் வரலாற்றை மாற்றி வாங்க முடியாது, அதனால்தான் திருடர்களுக்கு அதன்மேல் கண். பின்லாந்தில் ஒரு மனநல மருத்துவ நிறுவனத்தின் பதிவுகளைத் திருடியவன், 2020-ல் நோயாளிகளுக்கே தனித்தனியாக மெயில் அனுப்பிப் பணம் கேட்டான். டாக்டரின் அறைக்குள் மட்டும் சொன்ன பேச்சுகள் அவை.

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பார்கள். 1990-களில் லட்டான்யா ஸ்வீனி என்ற மாணவி, பெயர் நீக்கி வெளியிட்ட மருத்துவப் பதிவுகளையும் வாக்காளர் பட்டியலையும் சேர்த்து வைத்துப் பார்த்து, மாசசூசெட்ஸ் ஆளுநரின் பதிவையே கண்டுபிடித்தார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு, இந்த மூன்றே போதுமாக இருந்தது.

கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறந்துவிடப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் இன்னொரு தலைவலி. 2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை பிரிட்டிஷ் மருத்துவமனைகளை முடக்கி, ஆயிரக்கணக்கான சந்திப்புகளை ரத்து செய்ய வைத்தது. அதைத் தடுக்கும் விண்டோஸ் அப்டேட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. அப்டேட் போடாததற்கு எப்போதும் சோம்பேறித்தனம் காரணமில்லை. ஸ்கேன் மெஷினோடு வந்த கம்ப்யூட்டரில் கை வைத்தால் உத்தரவாதம் போய்விடும் என்று கம்பெனி பயமுறுத்தியிருக்கும்.

சர்வர் படுத்துவிட்டால் என்ன ஆகும்?

காகிதத்துக்குத் திரும்ப வேண்டும். 2021 மே மாதம் ரேன்சம்வேர் தாக்குதலுக்கு ஆளான அயர்லாந்தின் பொதுச் சுகாதாரத் துறை அப்படித்தான் சமாளித்தது. பூட்டைத் திறக்கும் சாவி கிடைத்த பின்னும் முழுதாக எழுந்து நிற்க மாதக் கணக்கானது. நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்கு நெட்வொர்க் போனது. அவசரக்காலப் படிவங்கள் அலமாரியில் பத்திரமாக இருந்தன. அலமாரிச் சாவி பகல் ஷிப்ட் சூப்பர்வைசரின் கைப்பையில் இருந்தது.

சாட்பாட்டிடம் உடல்நலம் பற்றிக் கேட்கலாமா?

ரிப்போர்ட்டில் உள்ள சொற்களுக்குப் பொருள் கேட்கலாம், டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றைப் பட்டியலிடச் சொல்லலாம். மருந்தின் அளவை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். தெரியாததையும் தெரிந்ததைப் போலவே சரளமாகச் சொல்லும். அப்புறம், ரிப்போர்ட்டை ஏற்றுவதற்கு முன் பெயரையும் பதிவு எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

இந்தத் துறையில் வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

டேட்டாபேஸ், எச்.எல்.7, தகவல் பாதுகாப்பு இவை அடிப்படை. ஆனால் நான் பார்த்தவரை இந்த வேலையில் சிறந்தவர்கள் பாதிப் பேர் முன்னாள் நர்ஸ்களும் லேப் டெக்னீஷியன்களும்தான். கணினி படித்தவர்கள் வரக்கூடாது என்றில்லை. வருவதற்கு முன், அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு வார்டில் இரவு ஷிப்ட் முழுவதும் உட்கார்ந்து, ஒரு நர்ஸ் எத்தனை தடவை திரையைத் தொடுகிறார் என்று எண்ணிவிட்டு வாருங்கள். நேர்காணலில் நான் முதலில் கேட்பது அந்த எண்ணிக்கையைத்தான்.